கத்திரி வெயிலில் ஏலகிரி, ஜவ்வாது: முதல்முறை குழுவாகப் பைக்கில் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து ஒரு சனி, ஞாயிறில் பைக்கில் போய்த் திரும்பக்கூடிய மலை எது என்று கேட்டால் பலரும் ஏலகிரியைத்தான் சொல்வார்கள். ஏறத்தாழ 230 கிலோமீட்டர், பெரும்பகுதி நல்ல நெடுஞ்சாலை, மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாகக் குழுவோடு கிளம்புகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மலை பக்கத்தில் கிடையாது.

சிக்கல் மலையில் இல்லை, மலைக்குப் போகிற வழியில்தான். வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே போகிறது சாலை. ஆற்றில் மணல் மட்டும்தான் தெரியும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி நாட்களில் வேலூர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அது நிழலில் எடுத்த கணக்கு. நண்பகலில் தார் சாலை மேல், இன்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்காக மே மாதத்தில் போகவே கூடாது என்றில்லை. பள்ளி விடுமுறையும் அலுவலக லீவும் அப்போதுதான் ஒத்துவரும். ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: காலை 10:30 முதல் மாலை 4 வரை குழுவில் ஒரு வண்டிகூட ஓடக் கூடாது. கிளம்பும் நேரம், எங்கே சாப்பிடுவது, எந்த அறை எடுப்பது, யாரைச் சேர்ப்பது, எல்லாமே இந்த விதியிலிருந்துதான் வரும்.

யார், எத்தனை பேர்

முதல் பயணத்துக்கு 6 வண்டிகள் போதும். 8 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, 20 நிமிட இடைவெளியில் கிளப்பிவிடுங்கள். காரணம் சாலையில் இல்லை, டீக்கடையில் இருக்கிறது. 12 பேர் நிற்கும் இடத்தில் 10 நிமிட ஓய்வு என்று ஒன்று கிடையாது. ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒருவர் போன் பேசுவார், எல்லோரும் ஹெல்மெட் மாட்டியபின் ஒருவர் இன்னொரு டீ சொல்வார். அப்படி மூன்று நிறுத்தங்கள் ஆனால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். காலையில் தொலைத்த அந்த ஒன்றரை மணி நேரத்தை 11 மணி வெயிலில்தான் ஓட்டித் தீர்க்க வேண்டியிருக்கும்.

குழுவின் வேகம் என்பது அதில் மிகவும் புதியவரின் வேகம். 100 சிசி வண்டியும் 350 சிசி வண்டியும் சேர்ந்து போனால் 100 சிசி வண்டிக்குச் சிரமமில்லாத 60, 65 கிலோமீட்டர் வேகம்தான் எல்லோருக்கும். இது பிடிக்காதவர் தனியாகப் போகட்டும், மேலே போய்ச் சந்திக்கலாம். மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை, கிளம்பும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஆட்கள் முடிவானதும் மூன்று பொறுப்புகள். முன்னால் போகும் லீடர் வழி தெரிந்தவராக இருக்க வேண்டும். வேகமாக ஓட்டுபவராக இருக்கத் தேவையில்லை. கடைசியில் வருபவரை ஸ்வீப் என்பார்கள். குழுவிலேயே அனுபவம் மிக்கவரும் பொறுமைசாலியும் அங்கேதான் வர வேண்டும், ஏனென்றால் பஞ்சரானாலும் மயக்கம் வந்தாலும் அவர்தான் முதலில் பார்ப்பார். டூல்கிட்டும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். மூன்றாவது, பணம். ஆளுக்கு இவ்வளவு என்று முதல்நாளே ஒருவர் வசூலித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அவரே கட்டிவிட்டால், ஒவ்வொரு கடையிலும் யுபிஐ கணக்குப் பார்த்து நிற்க வேண்டாம். கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். ஞாயிறு திரும்பும்போது ஜவ்வாது மலை வழியாகப் போனால், அங்கே சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு.

புதியவர்கள் லீடருக்கு நேர் பின்னால் வரட்டும். வால் பகுதியில் போட்டால் முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடிக்கும் பதற்றத்திலேயே தப்புச் செய்வார்கள்.

வண்டி

பத்து நாள் முன்பே சர்வீஸ் விட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் விட்டால், மாற்றிய பாகத்தில் ஏதாவது கோளாறு இருந்தாலும் அது வேலூரில்தான் தெரியும். மெக்கானிக்கிடம் பொதுவாக ‘பார்த்துக்குங்க’ என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிரேக் பேட், பின் டிரம் பிரேக்கின் லைனிங், பிரேக் ஆயில், கிளட்ச் கேபிள், செயின் தொய்வு, இன்ஜின் ஆயில் அளவு, டயர்.

பிரேக் ஆயிலைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மலை இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடேறி, உள்ளே குமிழி உண்டாகி, லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. சமவெளியில் இரண்டு வருடம் ஓட்டினாலும் தெரியாத கோளாறு இது. இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பெரிய செலவு இல்லை.

டயரில் காற்றை வீட்டுக்குப் பக்கத்தில், வண்டி ஆறியிருக்கும்போது, நிறுவனம் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்கு வேறு அளவு; செயின் கவர் அல்லது பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும். வெயில் நாளில் ஓடிய டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். வழியில் அளந்து பார்த்து, ‘அதிகமா இருக்கே’ என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். நிறுவனங்கள் தரும் கணக்கு ஆறிய டயருக்கானது. இறக்கிவிட்டால் டயர் இன்னும் மடிந்து, இன்னும் சூடாகும்.

டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்ப்பும் குழுவுக்கு ஒன்று போதும். ஸ்போக் வீல் வண்டிகள் பெரும்பாலும் டியூப் உள்ளவை. அந்த வண்டிக்காரர் தன் அளவு டியூபைத் தானே எடுத்து வர வேண்டும். பஞ்சர் கடை கிடைத்தாலும் அந்த அளவு டியூப் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. ஒரு கிளட்ச் கேபிள், ஒரு ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் கட்டுக்கம்பி. இதற்கு மேல் சுமக்க வேண்டாம்.

பெட்ரோல் டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், விரிந்து வழியும். பையைக் கட்டும்போது சைலன்சரிலிருந்து ஒரு கை தள்ளியே கட்டுங்கள். ரெக்சின் பை சூட்டில் உருகி ஓட்டையாகும், உள்ளே இருக்கும் துணியும் போகும். கட்டிய கயிற்றின் நுனி பின் சக்கரத்தில் சிக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பார்வை.

வண்டியை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி செல்லாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேள்விக்குள்ளாகும். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தாலே செல்லும். ஆனாலும் சார்ஜ் தீர்ந்த போனைக் காட்ட முடியாது, ஒரு நகல் பையில் கிடக்கட்டும்.

ஓட்டிப் பழகுதல்

முந்தின ஞாயிறு விடியற்காலையில் எல்லோரும் காஞ்சிபுரம் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வரிசையில் ஓட்டிப் பழகவும், யார் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்கவும் அதைவிட நல்ல வழி இல்லை. ஒருவர் எல்லா வண்டியையும் முந்துகிறார் என்றாலோ, ஒருவருக்கு 40 கிலோமீட்டரிலேயே முதுகு வலிக்கிறது என்றாலோ அன்றைக்கே தெரிந்துவிடும்.

கொண்டை ஊசி வளைவுக்குப் பயிற்சி எடுக்க மலை வேண்டாம், ஒரு காலி மைதானம் போதும். முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் எட்டுப் போடுங்கள். லைசென்ஸ் டெஸ்டில் போட்ட அதே எட்டுதான். கண் முன் சக்கரத்தைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கால் ஊன்றாமல் இரு பக்கமும் சுற்ற வந்துவிட்டால் 14 வளைவும் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பின்னால் ஆளை உட்காரவைத்துப் போகப் போகிறவர், அந்த ஆளோடு சேர்த்தே பழக வேண்டும்.

உடுப்பும் தண்ணீரும்

வெயில் என்பதால் டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, செருப்பு என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். விழுந்தால் தோல் உரிவது ஒரு பக்கம். வெயிலுக்கும் அது சரியான உடுப்பு அல்ல. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரைதான் முகத்தில் அடிக்கும் காற்று சூட்டைக் குறைக்கும். 40 டிகிரியில் அதே காற்று உடம்புக்குள் சூட்டைத் தள்ளுகிறது. அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஆவியாவது மட்டும்தான், வெறும் தோலிலோ அது பயன் தருவதற்குள் பறந்துவிடும். எனவே முழுக்கைப் பருத்திச் சட்டை, அதன்மேல் வலை போட்ட ரைடிங் ஜாக்கெட். வெயில் ஏறும் நேரத்தில் உள்சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு ஏசி போட்ட மாதிரிதான். ஜாக்கெட் வாங்க முடியாதவர்கள் கனமான டெனிம் சட்டை போட்டுக்கொள்ளலாம். கழுத்தில் ஈரத்துண்டு. கணுக்காலை மூடும் ஷூ, கையுறை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும். விடியலுக்கு முன் ஓட்டுவதால் கறுப்பு வைசர் வேண்டாம்; தெளிவான வைசரும், பகலுக்கு ஒரு கூலிங் கிளாஸும் போதும். துப்பட்டா போடும் பெண்கள் அதைப் பையில் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர் வண்டியில் இருக்க வேண்டும். தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளராவது குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஓஆர்எஸ் பாக்கெட் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய பாக்கெட் ஒன்றுக்கு 1 லிட்டர் தண்ணீர். பழச்சாறு மாதிரி டப்பாவில் விற்பதை வாங்காமல் மருந்துக் கடையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

மே மாதம் இந்தச் சாலைக்குச் செய்யும் ஒரே உபகாரம் நுங்கு. இளநீர், நீர்மோர், கம்பங்கூழ் விற்கும் தள்ளுவண்டிகளும் வழியெங்கும் நிற்கும். குளிர்பானத்துக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுங்கள்.

சனிக்கிழமை

பூந்தமல்லி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கைச் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். 4:15-க்குச் சந்திப்பு, 4:30-க்குக் கிளம்பல். 4:40-க்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து, பை அடுக்கி, நண்பர்களோடு பேசி, 1 மணிக்குப் படுத்தவர் ஓட்டக் கூடாது. தூக்கம் கெட்ட உடம்பு வெயிலையும் தாங்காது. பை வியாழக்கிழமையே தயாராகட்டும்.

கிளம்பும் முன் லீடர் ஐந்து நிமிடம் பேச வேண்டும்: எங்கே முதல் நிறுத்தம், எங்கே திரும்புகிறோம், யாருக்குப் பின் யார். கை சைகைகள் நாலு போதும். நில், வேகத்தைக் குறை, சாலையில் பள்ளம், பெட்ரோல் வேண்டும். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை எல்லோரும் போட்டுவிடுங்கள். ஆனால் ஓட்டும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. திரும்பும் இடங்களில் இதைவிட நம்பகமான ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. திருப்பம் வந்தால் பின்னால் வருபவரின் ஹெட்லைட் கண்ணாடியில் தெரியும்வரை ஓரமாக நிற்க வேண்டும், தெரிந்ததும் போகலாம். எல்லோரும் இதைச் செய்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒற்றை நேர்கோடாகப் போகாமல் ஒருவர் பாதையின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறி, முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி பின்னால் ஓட்டுங்கள். பக்கத்துப் பக்கமாக ஓட்டிப் பேசிக்கொண்டு போவது வேண்டாம். டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் வழி இருக்கும். சாலை வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதைகளில் மண் கிடக்கும். முதல் ஒரு மணி நேரம் இருட்டு என்பதால் அங்கே வேகம் 50-க்குக் கீழே. லாரியை முந்தும்போது ஒவ்வொருவரும் தானே பார்த்து முந்த வேண்டும். முன்னால் போனவர் போய்விட்டார் என்பதை நம்பிப் பின்னால் போகாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும்.

வேலூருக்கு 7:30 வாக்கில் போய்விடலாம். இட்லி, பொங்கல், அரை மணி நேரம். அங்கிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர்.

ஆம்பூர்தான் இந்தத் திட்டத்துக்கு எதிரி. சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், இதை விட்டுவிட்டா போவது என்று குழுவில் ஒருவராவது கேட்பார். தம் உடைத்துப் பரிமாறும்வரை காத்திருந்து, சாப்பிட்டு, கை கழுவும்போது 12 மணி. வயிறு முட்ட பிரியாணி, உச்சி வெயில், முன்னால் 14 வளைவு. இதைவிடக் கெட்ட சேர்க்கையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரியாணிக்காகத் தனியாக ஒரு ரயிலில் போய் வாருங்கள், அந்தச் சாப்பாட்டுக்கு அந்த மரியாதை தகும். இந்தப் பயணத்தில் ஆம்பூர் 8:45-க்குக் கண்ணாடியில் பின்னால் போகிற ஊர்.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் திருப்பத்தூர் சாலை. அதில் பொன்னேரி என்ற ஊரில் மலைக்குத் திரும்ப வேண்டும். போனில் வழி போடுகிறவர்கள் கவனிக்க: சென்னைக்கு வடக்கே இருக்கும் பொன்னேரி அல்ல. ஏறும் முன் எல்லோரும் பெட்ரோல் போட்டுக்கொண்டு, 10 நிமிடம் வண்டியை ஆறவிடுங்கள்.

14 வளைவுகள்

வளைவுகளுக்குப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாரியைக் கடந்து காரியைப் பிடிக்கும் அவசரம் வேண்டாம், பலகையைப் படிக்கிற அளவு மெதுவாகவே ஏறுங்கள். இங்கே வரிசை ஒற்றை. இடைவெளி நாலு விநாடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் முன்னால் இருப்பவர் வளைவில் வண்டியை அணைத்துவிட்டால் நீங்கள் நிற்க இடம் வேண்டும்.

வேகத்தைக் குறைப்பது, கியரை இறக்குவது இரண்டையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் லேசான ஆக்சிலரேட்டர் மட்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் இடப்பக்கம் திரும்பும் வளைவுதான் உள்வட்டம். அது குறுகலானது, செங்குத்தானது. புதியவர்கள் வண்டியைச் சாய்த்துப் போடுவது பெரும்பாலும் அங்கேதான். முதல் கியரில், ஓரத்தோடு ஒட்டாமல், உங்கள் பாதையின் நடுவில் திரும்புங்கள். வலப்பக்க வளைவு அகலமாக இருப்பதால் எளிதாகத் தோன்றும். அங்கே ஆபத்து வேறு. வண்டியின் சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்த உங்கள் தலை அந்தப் பக்கம் இருக்கும். எதிரே இறங்கும் பேருந்துக்கு அது தெரியாது.

பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதற்கு வேறு வழியில்லை. ஹாரன் கேட்டாலே வளைவுக்கு முன் நின்றுவிடுங்கள். குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஞாயிறு காலை இறங்கும்போது இதை நினைவில் வையுங்கள். வளைவுகளின் உள்பக்கம் மணலும் சில நேரம் சிந்திய டீசலும் கிடக்கும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கிய குரங்குதான் அடுத்து வருபவரின் ஹேண்டில்பாரில் தாவுகிறது.

மேலே, அத்தனாவூர்ப் பக்கம் போய்ச் சேரும்போது மணி 10 தாண்டியிருக்கும். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வராதீர்கள். உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி வாக்கில் குறையும் என்ற கணக்கில், கீழே 41 இருந்தால் மேலே 35-ஐ ஒட்டி இருக்கும். நிழலுக்கு அது போதும், ஊர் சுற்ற அது போதாது. அதனால் அறை பதிவு செய்யும்போது காலை 10 மணிக்கே உள்ளே விடுவார்களா என்று கேட்டு வாங்குங்கள். 12 மணிக்குத்தான் அறை என்றால் 8 பேர் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மே மாதச் சனிக்கிழமைகளுக்குச் சில வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். வண்டியை உள்ளே நிறுத்த இடம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

சாப்பாடு, தூக்கம். 4:30-க்கு மேல் புங்கனூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். ராத்திரி பீர் வேண்டும் என்பவர்களுக்கு: மது உடம்பிலிருந்து தண்ணீரை வெளியேற்றும், மறுநாள் 5 மணிக்கு மலை இறங்க வேண்டும். இரண்டையும் சேர்க்க முடியாது.

வெயில் தாக்கினால்

இதைக் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் தாக்கப்பட்டவருக்குத் தன் நிலைமை தெரியாது.

முதல் கட்டம்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அதிகமான வியர்வை, தசைப் பிடிப்பு. ஓட்டும் முறையிலும் தெரியும். கோட்டை விட்டு விலகுவார், இண்டிகேட்டரை அணைக்க மறப்பார், காரணமில்லாமல் எரிந்து விழுவார். ஸ்வீப் இதைக் கண்டால் உடனே எல்லோரையும் நிறுத்த வேண்டும். நிழல், ஜாக்கெட்டையும் ஷூவையும் கழற்றுவது, உடம்பை நனைத்து விசிறுவது, ஓஆர்எஸ்ஸைச் சிறிது சிறிதாகக் குடிக்கவைப்பது. அரை மணி நேரத்தில் தெளிந்தாலும் அன்றைக்கு அவர் ஓட்ட வேண்டாம். பின்னால் உட்காரட்டும், வண்டியை ஒரு பங்கில் சொல்லி நிறுத்திவிட்டு வரலாம்.

இரண்டாம் கட்டம் உயிருக்கே ஆபத்து: பேச்சு குழறும், குழப்பம், வலிப்பு, மயக்கம், தொட்டால் கொதிக்கும் உடம்பு. வியர்வை நின்றும் போயிருக்கலாம், கொட்டவும் செய்யலாம். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் அல்லது ஈரத்துணி. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு உதவாது. வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் அரசு மருத்துவமனை உண்டு.

ஞாயிறு: ஜவ்வாது வேண்டுமா, வேண்டாமா

இரண்டு வழி. குழுவில் பாதிக்கு மேல் புதியவர்கள் என்றாலோ, சனிக்கிழமை யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போயிருந்தாலோ, விடியற்காலை 5-க்கு இறங்கி வந்த வழியே திரும்புங்கள். 10:30-க்குப் பூந்தமல்லி. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, முதல் தடவைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தெம்பு இருந்தால் ஜவ்வாது. 5:30-க்கு இறங்கத் தொடங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டாம் கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் போதும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைப்பது இரண்டும் கூடவே கூடாது. டிரம் பிரேக் வண்டிகள் பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி ஆறட்டும். சூடான டிரம்மைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

வாணியம்பாடியில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஆலங்காயம், காவலூர் வழியாக ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். பொதுமக்களுக்குச் சனிக்கிழமைகளில்தான் அனுமதி என்பதால் ஞாயிறு வெளியிலிருந்து குவிமாடத்தைப் பார்ப்பதோடு சரி. அதற்காகச் சனி இரவு ஏலகிரியிலிருந்து இறங்கி வரலாமே என்று திட்டம் போடாதீர்கள், இருட்டில் காட்டுச் சாலை புதியவர்களுக்கு உகந்ததல்ல.

காவலூர் தாண்டினால் கடைகள் குறையும், போக்குவரத்தும் குறையும். அதனாலேயே வேகம் எடுக்கத் தோன்றும். குறுகிய சாலை, திருப்பத்தில் ஆடு மாடு நிற்கும், எதிரே மினி பஸ் வரும். 50-க்கு மேல் வேண்டாம். கோடையில் காடு காய்ந்து கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும் பற்ற. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபின் வனத்துறை கோடையில் கெடுபிடியாகத்தான் இருக்கிறது. காப்புக் காட்டுக்குள் கூடாரம், அடுப்பு, பாட்டு எதுவும் வேண்டாம். பீமன் அருவியைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், மே மாதத்தில் பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஜமுனாமரத்தூரில் 9 மணிக்கு இருந்தால் மாலை 4 வரை ஏழு மணி நேரம். இங்கேயும் பகலுக்கு ஒரு அறையோ பெரிய மரநிழலோ பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கோமுட்டேரி படகுத்துறையில் கொஞ்ச நேரம் போகும். மலைவாழ் மக்கள் விற்கும் தேனும் சாமை அரிசியும் வாங்கலாம். தேன் பாட்டிலை டேங்க் பையில் வைக்காமல் துணிக்குள் சுற்றி நடுவில் வையுங்கள்.

பிற்பகலில் மேகம் திரண்டு கோடை மழை பிடிப்பதும் உண்டு. முதல் பதினைந்து நிமிட மழைதான் மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். இடி இடித்தால் புளியமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மழை விட்டு இருபது நிமிடம் கழித்துக் கிளம்பினால் போதும்.

4 மணிக்குப் போளூர் பக்கம் இறங்கி, ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னை. போளூர் திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது. தேதி குறிக்கும்போதே காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். கிரிவலத்துக்குப் போகும் பேருந்துகளுக்கும் வேன்களுக்கும் நடுவே புதியவர்கள் வரிசையாக ஓட்ட முடியாது. சித்ரா பௌர்ணமி என்றால் அந்த வாரத்தையே விட்டுவிடுங்கள்.

மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் உங்களுக்குக் கண் கூசாது, எதிரே வருபவருக்குக் கூசும். ஹெட்லைட் எரியட்டும். காஞ்சிபுரத்தில் 7:30-க்குக் கட்டாய நிறுத்தம். யாருக்காவது கண் சொக்குகிறது என்றால் அங்கேயே ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருங்கள். அதன் பிறகு குழு பிரிந்து அவரவர் பகுதிக்குப் போகும் என்பதால் பணக் கணக்கையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதும் ‘வந்துட்டேன்’ என்று ஒரு செய்தி போட வேண்டும். கடைசி ஆளின் செய்தி வரும்வரை ஸ்வீப் தூங்கப் போகக் கூடாது.